ஒற்றைக் காலில் நின்று கணக்குக் கேட்ட குயவர்

விருத்தாசலம் செராமிக் பொம்மை ஒன்றைக் கையில் எடுங்க நண்பர்களே. இதைச் செய்ய எவ்வளவு செலவாகியிருக்கும்? களிமண், கூலி, சரி. அச்சு செய்த செலவு? சூளையில் வெடித்துப்போனவை? கொட்டகை வாடகை? இந்தக் கேள்வியால் தூக்கம் தொலைத்த ஒரு குயவரின் கதை இது.

ஜோசையா வெட்ஜ்வுட் 1730-ல் இங்கிலாந்தின் பர்ஸ்லெம் ஊரில் குயவர் குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட்டார். சின்ன வயதிலேயே பெரியம்மை வந்து முழங்காலைக் கெடுத்தது. சக்கரத்தை மிதிக்க முடியவில்லை. அதனால் களிமண்ணையும் மெருகையும் ஆராயும் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு எண் போட்டு நோட்டில் எழுதினார். 1759-ல் சொந்தத் தொழில் தொடங்கினார். 1768-ல் அந்தக் காலையே எடுத்துவிட்டார்கள். மறுவருஷமே கட்டைக் காலோடு எட்ரூரியா தொழிற்சாலையைத் திறந்தார்!

அரசி சார்லட்டே வாடிக்கையாளர். பிறகென்ன கவலை என்றுதானே நினைக்கிறீங்க? 1772-ல் வங்கிகள் சரிந்தன. கிடங்கு நிறையச் சரக்கு, கையில் காசில்லை. பெட்டியில் பணம் எங்கே போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு பொருளுக்கும் செலவைப் பிரித்து எழுதினார். இரண்டு விஷயம் வெளிவந்தது. ஒன்று, தலைமைக் கணக்கர் கையாடல் செய்துகொண்டிருந்தார். இன்னொன்று, பத்து ஜாடி செய்தாலும் ஆயிரம் செய்தாலும் வாடகை, அச்சு, சம்பளம் எல்லாம் பெரிதாக மாறுவதில்லை. அதனால் ஒரே மாதிரியை அதிகமாகச் செய்தால்தான் கட்டுப்படியாகும். கணக்கரை மாற்றினார், வாராவாரம் கணக்கு வரணும் என்று உத்தரவு போட்டார். தொழில் பிழைத்தது. சூளையின் வெப்பத்தை அளக்கக் கருவி செய்து 1783-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1795-ல் மறைந்தார்.

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. நாளைக்கு நீங்க எட்டுப் பேர் இருக்கிற ஒரு கட்டமைப்பு வடிவமைப்பு அலுவலகத்தில் சேரலாம். அங்கே சூளை கிடையாது, நம்ம நேரம்தான் களிமண். ஒரே வரைபடத்தை அதே கட்டணத்துக்கு ஐந்து தடவை திருத்திக் கொடுத்தால் லாபமா நஷ்டமா? யாரும் எழுதி வைக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. திட்டம், நேரம், செலவு, பில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கோர்ப்பதுதான் ஈ.ஆர்.பி. மென்பொருள். ஆனால் உள்ளே எதைப் போடுகிறோமோ அதுதான் வெளியே வரும். நேரத்தைக் குறிக்கிற பழக்கமே இல்லாத அலுவலகத்துக்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது வெறும் பூட்டுப் போட்ட பெட்டிதான்.

அதனால் மென்பொருள் வாங்கலாமா என்று முதலாளி கேட்டால், முதலில் ஒரு நோட்டு வாங்கச் சொல்லுங்க. ஒரு மாசம் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போனது என்று எல்லாரும் எழுதட்டும். வெட்ஜ்வுட்டிடம் இருந்தது அது மட்டும்தான்.