எமில் சாட்டோபெக்: யாரும் பார்க்காத பத்து வருடங்கள்

ஒரே ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றவர் இன்றுவரை ஒருவர்தான். 1952 இல் ஹெல்சிங்கியில் அதைச் செய்தவர் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக். அந்த வெற்றிகளைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. என்னை அவர் பக்கம் இழுத்தது அதற்கு முந்திய பத்து வருடங்கள்தான். அவற்றில் முதல் சில வருடங்கள் அந்நியப் படைகளின் ஆக்கிரமிப்பின் கீழ் கழிந்தவை.

1922 செப்டெம்பர் 19 ஆம் திகதி கொப்ரிவ்னிட்சே என்ற சிறு நகரில், ஒரு தச்சுத் தொழிலாளியின் பெரிய குடும்பத்தில் பிறந்தவர் சாட்டோபெக். 16 வயதில் ஸ்லின் நகரிலிருந்த பாட்டா சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் ஊரில் செருப்புக்கே பெயராகிப்போன அதே பாட்டாதான். 1939 இல் ஜேர்மன் நாஜிப் படைகள் நாட்டுக்குள் புகுந்தன. 1941 இல் தொழிற்சாலையின் விளையாட்டுப் பொறுப்பாளர் அவரையும் வேறு சில பையன்களையும் ஓட்டப்போட்டியொன்றுக்குத் தெரிவு செய்தார். தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பப் பார்த்தார். மருத்துவர் சோதித்துவிட்டு ஓடலாம் என்றார். ஏறத்தாழ 100 பேர் ஓடிய அந்தப் போட்டியில் இரண்டாவதாக வந்தார். ஓட்டத்தில் அவருக்கு ஆசை பிறந்தது அதன் பிறகுதான்.

நெடுந்தூரம் ஓடுபவர்கள் நெடுந்தூரம் ஓடியே பழக வேண்டும் என்று பலரும் நம்பிய காலம் அது. பின்லாந்து வீரர் பாவோ நூர்மியின் பயிற்சி பற்றிக் கிடைத்ததை வாசித்த சாட்டோபெக், தனக்கென்று ஒரு முறையை உருவாக்கினார். தூரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் வேகமாக ஓடினார். இடையில் நிற்காமல் மெதுவாக ஓடி மூச்சை மீட்டுக்கொண்டார். 200 மீற்றர் 5 தடவை, 400 மீற்றர் 20 தடவை, மறுபடி 200 மீற்றர் 5 தடவை என்பது ஆரம்ப காலத்தில் அவரது வழக்கமான பயிற்சி. பின்னர் 400 மீற்றர் ஓட்டம் 40 தடவையாகி, 60 தடவையாகி, சில காலங்களில் காலையும் மாலையுமாக ஒரு நாளில் 100 தடவையைத் தொட்டது. வேகத் துண்டுகள் மட்டுமே 40 கிலோமீற்றர்!

போர் முடிந்ததும் இராணுவத்தில் சேர்ந்தார். கடமை முடிந்த பிறகு, இருட்டில், கனத்த இராணுவச் சப்பாத்துகளுடன் ஓடினார். பனி கொட்டினாலும் ஓடினார். வெளியே போக முடியாத நாளில் குளியல் தொட்டியில் ஊறிய உடுப்புகளின் மேல் நின்ற இடத்திலேயே ஓடினார் என்றும் சொல்வார்கள். ஓடும்போது முகம் கோணும், தலை இருபக்கமும் ஆடும், மூச்சு இரையும். பார்த்தவர்கள் இப்போதே விழுந்துவிடுவார் என்று நினைத்தார்கள்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீற்றரில் தங்கம் வென்றார். 5,000 மீற்றரில் 0.2 செக்கனால் தங்கத்தை இழந்தார். அந்த வருடம் தொடங்கி 1954 வரை 10,000 மீற்றரில் தொடர்ச்சியாக 38 போட்டிகளில் அவரை எவராலும் வெல்ல முடியவில்லை. 1951 இல் ஒரு மணித்தியாலத்தில் 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய முதல் மனிதரானார்.

ஹெல்சிங்கி பயணத்துக்கு முன்னர் நடந்த ஒரு சம்பவத்தை எங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். சக ஓட்டவீரர் ஜுங்விர்த்தின் தந்தை அரசியல் கைதி. அந்தக் காரணத்தால் மகனின் பெயர் அணியிலிருந்து வெட்டப்பட்டது. அவர் வராவிட்டால் தானும் போவதில்லை என்று சாட்டோபெக் விமானம் ஏற மறுத்தார். கடைசியில் அரசு இறங்கி வந்தது, இருவரும் போனார்கள். அங்கேதான் அந்த மூன்று தங்கங்களும் கிடைத்தன. அதற்கு முன் அவர் மரதன் ஓடியதே இல்லை. அவர் 5,000 மீற்றரில் வென்ற அதே நாளில் மனைவி டானா ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார்.

1968 இல் நாட்டில் சுதந்திரம் கேட்டு எழுந்த குரல்களோடு அவரும் நின்றார். ஓகஸ்ட் மாதம் சோவியத் தாங்கிகள் பிராக் நகருக்குள் வந்தபோது வெளிப்படையாக எதிர்த்தார். கட்சியும் இராணுவமும் அவரை வெளியேற்றின. உலகம் அறிந்த மனிதர், நிலத்தைத் துளையிடும் குழுவொன்றில் கூலியாளாக, வீட்டை விட்டுத் தூரத்தில் பல வருடங்கள் வேலை செய்தார். 1971 இல் பத்திரிகையொன்றில் தன் நிலைப்பாட்டிலிருந்து பின்வாங்கினார். அது சிலரை நோகடித்தது. அச்சத்துக்குள் வாழ்ந்த மனிதர் ஒருவர் சொல்ல நேர்ந்த வார்த்தைகளைத் தூரத்தில் இருந்துகொண்டு தீர்ப்பிட எனக்கு மனம் வரவில்லை. 1990 இல், ஆட்சி மாறிய பின்னரே, பறிக்கப்பட்ட மரியாதை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. 2000 நவம்பரில் காலமானார்.

முயற்சி எல்லாவற்றையும் வென்றுவிடும் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அத்தனை பயிற்சியும் அவரை 1968 இலிருந்து காப்பாற்றவில்லை. இடப்பெயர்வுகளுக்கிடையில் பள்ளிக்கூடம் போன தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, முயன்றும் எல்லாம் இழந்தவர்களிடம் அப்படிப் பேசும் துணிவும் இல்லை. ஆனால் நிலைமை சீராகட்டும், பிறகு தொடங்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதைக் கவனிக்கிறேன். நல்ல மைதானமோ நல்ல சப்பாத்தோ அமையாத நாட்களிலும் அன்றைய ஓட்டத்தை அவர் ஓடி முடித்தார்.

இன்னொன்றையும் எங்கள் பிள்ளைகளுக்கும் பயிற்றுவிப்பாளர்களுக்கும் சொல்ல வேண்டும். அவர் 100 தடவையில் தொடங்கவில்லை. இருபதில் தொடங்கியவர், நூறைத் தொடப் பல வருடங்கள் எடுத்துக்கொண்டார். ஒரே மாதத்தில் பதக்கம் கேட்டு ஒரு பிள்ளையின் காலை முறிப்பதற்கு இவருடைய கதையை யாரும் எடுத்துக்காட்டாக்க வேண்டாம். நாளைக்கும் ஓடக்கூடிய அளவுக்கு இன்று ஓடினால் போதும்.