டார்வின் கரையேறிய முதல் தீவு

சார்லஸ் டார்வின் என்ற பெயரைக் கேட்டவுடன் கற்றோர் நெஞ்சில் தோன்றுவன கலாபகசுத் தீவுகளே. அங்குள்ள குருவிகளின் அலகுகளும் பேராமைகளின் ஓடுகளும் பள்ளிப் பாடநூல் வரை வந்து சேர்ந்துவிட்டன. எனினும், 1835ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர்த் திங்களில் அத்தீவுகளிடையே ஐந்து வாரம் கழித்தபோது அக்குருவிகளின் பொருளை அவர் உணர்ந்தாரில்லை. இலண்டன் திரும்பியபின், 1837இல், பறவையியல் அறிஞர் ஜான் கூல்ட் இனம் பிரித்துக் காட்டிய பிறகே அது அவருக்குப் புலனாயிற்று. தம் வாழ்நாட்பணி இன்னதென்று டார்வினை எண்ணவைத்த தீவு வேறொன்று. ஆப்பிரிக்காவின் மேற்கே, அட்லாண்டிக் மாகடலில், கேப் வர்டு தீவுக்கூட்டத்தில் உள்ள சாந்தியாகுவே அது. அக்கால ஆங்கிலேயர் அதனைச் செயின்ட் ஜாகோ என்றனர். நம் இலக்கண நூலார் கண்டிருப்பின் பாலை என்று வகுத்திருப்பர். அத்துணை வறண்ட நிலம். 1832 ஜனவரி 16 அன்று பிற்பகல் டார்வின் அங்குக் கரையேறினார். அப்போது அவருக்கு வயது 22.

அந்த இளைஞரைப் பற்றி அதுவரை எவரும் பெரிதாக எண்ணியிருக்கவில்லை. தந்தையார் ராபர்ட் டார்வின் புகழ்பெற்ற மருத்துவர். மகனையும் மருத்துவராக்க விரும்பி 1825இல் எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்கமருந்து அறியப்படாத அந்நாளில் நிகழ்ந்த அறுவை மருத்துவத்தைக் காணப் பொறாது இளைஞர் அக்கல்வியைக் கைவிட்டார். பின்னர்ச் சமயகுருவாகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டார். அங்கும் வண்டு பிடிப்பதிலும் வேட்டையாடுவதிலும் நாள் கழிந்தது. தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோவின் நட்பு ஒன்றே அவ்வாண்டுகளின் ஊதியம் எனலாம். அந்த ஹென்ஸ்லோதான், பீகிள் என்னும் அரசுக் கப்பலில் தென்னமெரிக்கக் கரைகளை அளக்கச் செல்லும் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்க்கு இயற்கை ஆய்வில் நாட்டமுள்ள ஒரு துணைவர் தேவை என்பதை அறிந்து, தம் மாணவருக்கு எழுதினார். தந்தையார் மறுத்தார். பயனற்ற மற்றுமொரு ஊர்சுற்றல் என்பதே அவர் கருத்து. தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் இடைபுகுந்து, தந்தையின் தடைகளுக்கு ஒவ்வொன்றாக விடை எழுதி இசைவு பெற்றுத் தந்தார். தாய்மாமன் என்னும் உறவின் பெருமை தமிழர்க்கு மட்டும் உரியதன்று போலும்.

கப்பலில் டார்வினுக்கு ஊதியம் இல்லை, செலவு தந்தையாருடையது. விரும்பினால் எந்தத் துறைமுகத்திலும் இறங்கித் திரும்பிவிடலாம் என்னும் உரிமை மட்டும் இருந்தது. புயலால் இருமுறை துறைக்கே திருப்பப்பட்ட கப்பல், 1831 டிசம்பர் 27 அன்று புறப்பட்டது. ஏறத்தாழ 90 அடி நீளமே உடைய பாய்மரக் கப்பல். எழுபதுக்கும் மேற்பட்டோர் அதில் நெருங்கி வாழ்ந்தனர். பிஸ்கே விரிகுடாவின் அலைகளில் டார்வின் தலைசுற்றி, உண்டதெல்லாம் வெளிவர, தூக்குப்படுக்கையில் கிடந்தார். உலர்திராட்சையும் பிஸ்கட்டும் அன்றி வேறெதுவும் வயிற்றில் தங்கவில்லை. இந்நோய் பயணத்தின் ஐந்தாண்டும் அவரை விட்டு நீங்கவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நெடும்பயணத்தில் கரைக்கு வந்த ஒவ்வொரு நாளையும் அவர் அத்துணை ஆவலுடன் பற்றிக்கொண்டதற்கு அறிவு வேட்கை ஒரு காரணம். வயிறு மற்றொரு காரணம்.

அந்நோயினிடையே அவருக்கு இருந்த ஆறுதல் தெனரிஃப் தீவு. ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட்டின் பயணநூலைக் கேம்பிரிட்ஜில் பயின்ற நாள்முதல் அத்தீவின் எரிமலை முகட்டைக் காண அவர் ஏங்கியிருந்தார். பீகிள் வாய்ப்பு வருவதற்கு முன்பே ஹென்ஸ்லோவுடன் அங்குச் செல்லத் திட்டமிட்டு ஸ்பானிய மொழியும் கற்கத் தொடங்கியிருந்தார். 1832 ஜனவரி 6 அன்று தெனரிஃப் கண்முன் நின்றது. ஆனால் இங்கிலாந்தில் காலரா பரவியிருந்தமையால், பன்னிரண்டு நாள் கப்பலிலேயே காத்திருந்த பின்னரே கரையிறங்கலாம் என்று அத்தீவின் அதிகாரிகள் அறிவித்தனர். ஃபிட்ஸ்ராய் காத்திருக்கும் இயல்பினர் அல்லர். உடனே பாய்விரிக்க ஆணையிட்டார். கனவு கண்ட தீவு மெல்லப் பின்னே மறைந்தது. பத்து நாள் கழித்துக் கனவு காணாத தீவு வந்து சேர்ந்தது.

ஜனவரி 16 காலையில், நங்கூரம் பாய்ச்சுவதற்கு முன்பே, தீவு தன்னைத் தூசியால் அறிவித்தது. பாய்மரத்தின் உச்சியில் காற்றின் திசை காட்டும் சல்லாத்துணியில் படிந்திருந்த நுண்ணிய பழுப்புநிறத் தூளைத் டார்வின் பொட்டலமாகச் சேர்த்து வைத்தார். ஆப்பிரிக்கப் பாலையிலிருந்து காற்று சுமந்துவந்த தூசி அது. பின்னாளில் அதனைப் பெர்லின் அறிஞர் ஏரன்பர்க் ஆராய்ந்து, அதனுள் நுண்ணுயிரிகளின் கூடுகள் பல இருப்பதைக் கண்டார். பிறர் துடைத்தெறியும் தூசியைப் பொட்டலம் கட்டிய செயலிலேயே பின்னாளைய டார்வினின் இயல்பு முழுவதும் தெரிகிறது.

பிற்பகல் மூன்று மணியளவில் கப்பல் போர்ட்டோ பிரயா விரிகுடாவில் நின்றது. நகர் அவரைக் கவரவில்லை. அகன்ற தெருக்களில் ஆடுகளும் பன்றிகளும் சிறுவர்களும் ஒன்றாகக் கிடந்தனர். ஆரஞ்சுப் பழங்களை வேண்டுமளவு உண்டார். வாழைப்பழத்தை முதன்முறை சுவைத்து, திகட்டும் இனிப்பு என்று ஒதுக்கினார். நகரைக் கடந்து சென்றபோது ஓர் ஆழ்ந்த பள்ளத்தாக்கு எதிர்ப்பட்டது. அங்கே தென்னையும் வாழையும் புளியும் தழைத்து நின்றன. ஹம்போல்ட்டின் ஏடுகளில் மட்டுமே கண்டிருந்த வெப்பநாட்டுச் செழுமையை அவர் முதன்முதலாகக் கண்ணால் கண்ட இடம் அதுவே. நம்மூர்ச் சாலையோரத்தில் எவரும் ஏறெடுத்துப் பாராத புளியமரத்தின்முன் ஓர் ஆங்கில இளைஞர் மெய்ம்மறந்து நின்றார் என்பதை எண்ணும்போது வியப்புண்டாகிறது. எரிமலைக் கற்களை மிதித்து, பெயரறியாப் பறவைகளின் குரல் கேட்டு, அவர் கரைக்கு மீண்டார். பார்வையற்றவன் கண்பெற்ற நாளுக்கு அதனை ஒப்பிட்டு அன்றைய நாட்குறிப்பில் எழுதினார்.

எனினும் அவர் வாழ்வைத் திருப்பியது பள்ளத்தாக்கின் பசுமை அன்று. மறுநாள் காலை ஃபிட்ஸ்ராயுடன் அவர் சென்ற குவைல் என்னும் சிறு திட்டும், துறைமுகத்தை ஒட்டிய பாறைச்சரிவுகளுமே அதனைச் செய்தன. குவைல் திட்டு சுற்றளவில் ஒரு மைலுக்கும் குறைந்தது. வெறும் கல்லும் வெயிலும். அங்கிருந்து நோக்கினால், கடலோரச் செங்குத்துப் பாறையின் முகத்தில், நீர்மட்டத்திற்கு ஏறத்தாழ 45 அடி உயரத்தில், கோடு கிழித்தாற்போல ஒரு வெண்பட்டை சில மைல் தொலைவு நீண்டு செல்வது தெரியும்.

டார்வின் அதனை அருகில் சென்று ஆராய்ந்தார். பட்டை சுண்ணாம்பாலானது. அதனுள் சிப்பிகள் புதைந்திருந்தன. அடியிலே பழைய எரிமலைப் பாறை. மேலே கரிய எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. குழம்பு தொட்ட இடத்தில் சுண்ணாம்பு வெந்து, சில இடங்களில் பளிங்குபோல் மாறியிருந்தது. இவற்றை ஒழுங்குபடுத்தி நோக்கியபோது ஒரு வரலாறு தோன்றிற்று. முன்னொரு காலத்தில் அந்தச் சுண்ணாம்பு கடலின் அடித்தளமாகக் கிடந்தது. கொதிக்கும் குழம்பு நீருக்குள் பாய்ந்து அதனை மூடியது. பின்னர் எல்லாம் ஒன்றாக மேலெழுந்தன. சிப்பிகளோ அன்றும் அக்கரையில் வாழ்ந்த இனங்களைச் சேர்ந்தவை. ஆகவே எழுச்சி நெடுந்தொலைக் காலத்தது அன்று. பட்டை உடையாமலும் சாயாமலும் நீண்டு கிடந்தது. ஆகவே நிலம் ஒரே அதிர்ச்சியில் தூக்கி எறியப்படவில்லை, சீராக உயர்ந்திருக்க வேண்டும். எரிமலை வாய்களை ஒட்டிய இடங்களில் மட்டும் பட்டை கீழ்நோக்கி வளைந்திருந்தது. அங்கு நிலம் மீண்டும் தாழ்ந்திருக்கிறது.

இவ்வாறு படிக்க அவருக்குக் கற்றுத்தந்த நூல் கப்பலிலேயே இருந்தது. சார்லஸ் லையெல் 1830இல் வெளியிட்ட நிலவியல் கோட்பாடுகள் என்னும் நூலின் முதல் தொகுதியை ஃபிட்ஸ்ராய் அவருக்குப் பரிசளித்திருந்தார். இன்று கண்முன் நிகழும் மழையும் அலையும் நிலநடுக்கமும் எரிமலையுமே, காலம் போதிய அளவு கிடைப்பின், மலைகளை ஆக்கவும் அழிக்கவும் வல்லன என்பது லையெலின் கொள்கை. கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர்களோ உலகம் பேரழிவுகளால் உருமாறியது என்று கருதினர். நூலைப் படிக்கலாம், ஆனால் கொள்கையை ஏற்றுவிட வேண்டா என்று ஹென்ஸ்லோவே அறிவுறுத்தியிருந்தார். ஆசிரியர் சொல்லை மீறச் செய்தது ஒரு பாறையின் வெண்கோடு. அந்நூலைக் கையில் தந்த ஃபிட்ஸ்ராய், 1860இல் ஆக்ஸ்ஃபோர்டு அவையில் டார்வினின் கொள்கைக்கு எதிராக விவிலியத்தின் பக்கம் நின்று பேச நேர்ந்தது காலத்தின் விளையாட்டு.

அந்நாட்களில் ஒருமுறை, கடலோரத்தில், எரிமலைக் குழம்பு இறுகிய தாழ்ந்த பாறையின் அடியில் டார்வின் இளைப்பாறினார். வெயில் தகித்தது. அருகே பாலைச்செடிகள் சில. காலடியில், அலை விட்டுச்சென்ற குட்டைகளில், உயிருள்ள பவளங்கள். தாம் செல்லவிருக்கும் நாடுகளின் நிலவியலைப் பற்றித் தாமே ஒரு நூல் எழுதலாம் என்னும் எண்ணம் அங்கே அவருக்குத் தோன்றிற்று. மருத்துவத்தை விட்டு, குருப்பணிக்கும் மனமின்றி, பிறர் செலவில் கப்பலேறிய ஓர் இளைஞருக்கு அவ்வெண்ணம் எத்துணை நடுக்கமூட்டும் இன்பத்தைத் தந்திருக்கும் என்பதை, 1876இல் தம் 67ஆம் வயதில் பிள்ளைகளுக்காக எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் அந்தப் பாறையையும் வெயிலையும் பவளத்தையும் தவறாது நினைவுகூர்ந்ததிலிருந்து அறியலாம்.

முதுமையின் நினைவு பலநாள் நிகழ்ச்சிகளை ஒரு நாளாக்கிக் காட்டும் இயல்புடையது. அவ்வாண்டில் அத்தீவில் எழுதிய குறிப்பேடுகளைப் பிற்கால ஆய்வாளர் ஆராய்ந்தபோது, முதியவர் சொன்ன அளவுக்கு இளைஞரிடம் தெளிவு இருக்கவில்லை என்பது தெரிந்தது. சில இடங்களில் கேம்பிரிட்ஜில் கற்ற பேரழிவுக் கருத்துகளே எழுதுகோலை நடத்தியிருக்கின்றன. பழைய கல்வி ஒரே பகலில் உதிர்ந்துவிடவில்லை. இது டார்வினுக்குக் குறையாகாது. ஐயத்தோடு பாறையைத் தட்டிப் பார்த்த இளைஞர், ஞானோதயம் பெற்றவராகச் சித்திரிக்கப்படும் இளைஞரினும் மனத்துக்கு நெருக்கமானவர்.

கப்பல் அத்தீவில் பிப்ரவரி 8 வரை, 23 நாள் தங்கிற்று. நம் மீனவர் பேய்க்கணவாய் என்றழைக்கும் எண்காலியைப் பாறைக்குட்டைகளில் டார்வின் மணிக்கணக்கில் நோக்கினார். அது நிறம் மாற்றி ஒளிவதைத் தாமே முதலில் கண்டதாகக் கருதி மகிழ்ந்து ஹென்ஸ்லோவுக்கு எழுதினார். அது முன்பே அறியப்பட்ட செய்தி என்று ஆசிரியர் மென்மையாகத் தெரிவித்தார். ஈழத்து மன்னாரில் பெருக்கமரம் என வழங்கும் பேருருவ மரமொன்றை அளந்தார். அதன் சுற்றளவு 30 அடிக்கு மேற்பட்டது. 1462இல் போர்ச்சுக்கீசியர் நிறுவிய ரிபெய்ரா கிராண்டு என்னும் பழைய தலைநகருக்குக் குதிரையில் சென்று, சிதைந்த கோட்டையையும் பேராலயத்தையும் கண்டார். ஆப்பிரிக்க மக்களைப் பிடித்துக் கொணர்ந்து அடிமைகளாக விற்ற துறை அது. அடிமை வணிகத்தை எதிர்த்த குடும்பத்தில் பிறந்தவர் டார்வின். ஏறத்தாழ மூன்று வாரம் கடந்து பிரேசிலில் அடிமை முறையை நேரிற் கண்டு அவர் கொதித்தெழுந்தது தனியே எழுதத்தக்கது.

இறங்கித் திரும்பிவிடும் உரிமையை அவர் பயன்படுத்தவேயில்லை. 1836 ஆகஸ்டு 31 அன்று, உலகைச் சுற்றி வந்த பீகிள் மீண்டும் போர்ட்டோ பிரயாவில் நங்கூரம் பாய்ச்சியது. இம்முறை கரையேறியவர் ஆண்டீசு மலையின் உச்சியில் கடற்சிப்பிகளைக் கண்டவர். 1835இல் சிலி நிலநடுக்கத்தில் கடற்கரை சில அடி உயர்ந்ததைக் கண்ணாரக் கண்டவர். அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று கப்பல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறையை அடைந்தது. லையெல் அவரை நண்பராக ஏற்றார். ஊர்சுற்றல் என்று வெகுண்ட தந்தையார் மகனைக் குருவாக்கும் பேச்சை மீண்டும் எடுக்கவில்லை.

பாறை நிழலில் எண்ணிய நூல் ஒன்றாக அல்லாமல் மூன்றாக வெளிவந்தது. பவளப்பாறைகள் பற்றியது 1842இலும், எரிமலைத் தீவுகள் பற்றியது 1844இலும், தென்னமெரிக்கா பற்றியது 1846இலும் அச்சேறின. இரண்டாம் நூலின் முதல் இயல் சாந்தியாகுவைப் பற்றியது. வெண்பட்டையிலிருந்து அவர் தட்டியெடுத்த சிப்பிகளைச் சவர்பி என்னும் அறிஞர் ஆராய்ந்து எழுதிய குறிப்பு அந்நூலின் பின்னிணைப்பாக இடம்பெற்றுள்ளது.