கண்டியில் மறைந்த துறவி

கண்டி மாநகரின் வரலாற்றைப் பேசுவோர் மன்னர்களையும் படையெடுப்புகளையுமே முதலிற் கூறுவர். என் நெஞ்சிலோ, அந்நகரின் பெயரைக் கேட்குந்தோறும், படையும் பொருளுமின்றி அங்கு வந்து, சிறையிருந்து, நோயாளர்க்குத் தொண்டாற்றி, அம்மண்ணிலேயே மறைந்த துறவி ஒருவரின் உருவமே முன்னிற்கின்றது. அவரே யோசேவாஸ் அடிகளார்.

கோவாவைச் சேர்ந்த பெனோலிம் என்னும் ஊரில், கொங்கணி பேசும் குடும்பமொன்றில், 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் அவர் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். இந்தியக் குருமார் சிலர் கோவாவில் ஒன்றுகூடி வாழத் தொடங்கிய ஒறற்றோரியன் சபையில் 1685இல் சேர்ந்து, விரைவில் அதன் தலைவருமானார். அங்கேயே அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் இலங்கையின் நிலை அவரை வாளாவிருக்க விடவில்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்பதையும் கொடுங்குற்றமாக்கினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அம்மக்கள் குருவின்றித் தவித்தனர்.

1687இல் அடிகளார் யோவான் என்னும் உதவியாளரோடு தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார். யாழ்ப்பாணத்தில் இரவலர் கோலம் பூண்டு, கழுத்திற் செபமாலையுடன் வீடு வீடாகச் சென்றார். மாலையை இனங்கண்டு உருகியவர்களே அவருடைய முதற் சுற்றத்தார். சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். தமிழைக் கற்று, இரவு வேளைகளில் வழிபாடு நடத்தினார்.

1692இல் அவர் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறையிலிட்டான். சிறையையே பள்ளியாக்கிச் சிங்களம் பயின்றார் அடிகளார். மழை பொய்த்த காலமொன்றில் அவரது வேண்டுதலால் மழை பொழிந்தது என்பது வழிவழி வந்த செய்தி. அற்புதங்களைப் பற்றி அவரவர் தத்தம் உள்ளத்திற்கேற்ப எண்ணுக. என்னைத் தலைவணங்கச் செய்வது 1697இல் நிகழ்ந்ததே.

அவ்வாண்டு கண்டியில் வைசூரி பரவிற்று. மன்னன் நகரைவிட்டு நீங்கினான். உற்றார் உறவினரும் நோயாளரைக் கைவிட்டு ஓடினர். ஓடுவதற்கு அடிகளாருக்கும் வழியிருந்தது. ஆயினும் அவர் நகரிலேயே தங்கினார். மருமகனான யோசேப் கர்வாலியோ என்னும் இளங்குருவும் அவரும் கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கஞ் செய்தனர். பௌத்தர், கத்தோலிக்கர் என்று அவர்கள் பிரித்துப் பார்த்ததில்லை.

மன்னனின் நன்மதிப்பு அவருக்கு நிலைத்தது. மன்னன் தன் சமயத்தை விட்டானல்லன். துறவியும் தம் நெறியினின்று பெயர்ந்தாரல்லர். கிறிஸ்தவரான ஒல்லாந்தர் துரத்திய குருவுக்குப் பௌத்த அரசன் நிழலளித்தான் என்னும் உண்மையை, சமயப் பகை மூளும்போதெல்லாம் நாம் நினைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

கோவாவிலிருந்து துணைக்குருமார் பலர் வந்தனர். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றியதை இலக்கிய அன்பர்கள் அறிவர். மக்கள் மொழியிலேயே மக்களிடம் பேச வேண்டும் என்னும் முறைக்கு வழிகாட்டியவர் யோசேவாஸ் அடிகளாரே. ஆயர் பொறுப்பு அவரை நாடியபோது அதனை மறுத்து, கால்நடையாகவே ஊர்தோறும் சென்றார்.

உழைப்பினால் தளர்ந்த உடல் 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் ஓய்ந்தது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் அடக்கஞ் செய்யப்பட்ட இடத்தை இன்று கண்டியில் எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. அதனை ஒரு குறையாக நான் கருதுவதில்லை. அஞ்சி ஓடாது நோயாளரின் அருகே நின்ற அந்தச் செயலை நம் மாணவர் அறிந்துகொண்டால், அதுவே அவருக்குத் தக்க நினைவுச் சின்னமாகும்.