அளவுகோலைத் திருப்பிப் பிடித்த பிரான்ஸ் போவாஸ்

மானுடவியல் யாருக்குப் பயன்படுகிறது என்னும் கேள்வி ஒடுக்கப்பட்டோருக்குப் புதிதன்று. மூக்கின் அகலத்தை அளந்து சாதிகளைத் தரவரிசைப்படுத்திய ஹெர்பர்ட் ரிஸ்லியும் அத்துறையின் பெயராலேயே அதைச் செய்தார். அதே அளவுகோலை எதிர்த்திசையில் திருப்பியவர் பிரான்ஸ் போவாஸ்.

1858இல் இன்றைய ஜெர்மனியின் மிண்டன் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1883இல் பாஃபின் தீவுக்குச் சென்று இனூயிட் மக்களிடையே வாழ்ந்தது அவரை மானுடவியலுக்குக் கொண்டுவந்தது.

அவரது வாழ்வில் கறையும் உண்டு. அவர் பியரியிடம் ஓர் இனூயிட்டை அழைத்துவரக் கேட்டிருந்தார். 1897இல் ஆறு பேர் கிரீன்லாந்திலிருந்து நியூயார்க் அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். நால்வர் நோயுற்று மாண்டனர். சிறுவன் மினிக்கின் கண்முன் அவன் தந்தைக்குப் போலி அடக்கம் நடத்தப்பட்டது. எலும்புகளோ அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 1993இல்தான் நால்வரின் எலும்புகளும் தாயகம் திரும்பின. மனிதரைப் பொருளாகக் காணும் நோய் நல்லாரையும் தீண்டும் என்பதற்கு இதுவே சான்று.

1899இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியரான போவாஸ், குடியேறியவர்களும் அவர்தம் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 18,000 பேரை ஆராய்ந்தார். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் தலை அளவு பெற்றோரினின்று மாறியிருந்தது. மாறாதது எனக் கருதப்பட்ட உடலமைப்பே சூழலால் மாறுமெனில், அதன்மீது கட்டிய இனத் தரவரிசைக்கு அடித்தளம் ஏது?

1916 மே 9 அன்று, போவாஸின் மாணவரான கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இளம் அம்பேத்கர் சாதி பற்றிய தம் கட்டுரையைப் படித்தார். சாதியின் வேரை அவர் அகமண முறையில் கண்டார். 1948இல் வெளியான தீண்டப்படாதோர் பற்றிய நூலில், மூக்களவுத் தரவுகளைக் கொண்டே பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் வெவ்வேறு இனத்தவர் என்னும் கோட்பாட்டை அவர் மறுத்தார்.

1933இல் போவாஸின் நூல்கள் ஜெர்மனியில் எரிக்கப்பட்டன. 1942இல் மறையும்வரை அவர் இனவெறிக்கு எதிராகப் பேசினார்.

இது பழங்கதையன்று. பழங்குடிச் சான்றிதழ் சரிபார்ப்பில் மானுடவியல் கூறுகளை ஆராயும் நடைமுறையை 1994இல் உச்ச நீதிமன்றமே வகுத்தது. ஒரு மாணவியின் கல்வி, அவள் குடும்பத்தின் தெய்வத்தையும் சடங்கையும் யாரோ ஒருவர் மதிப்பிடுவதைப் பொறுத்து அமைகிறது. ஆகவே இத்துறையை நாம் புறக்கணிக்க இயலாது. அளக்கப்படுவோராக மட்டும் இருந்த நாம், அளப்பவரைக் கேள்வி கேட்கும் அறிவையும் பெறவேண்டும்.