வில்லியம் காக்ஸ்டனும் வாய் திறவா எழுத்துக்களும்

ஆங்கிலம் கற்கத் தொடங்கிய நாள் முதலாய் நம்மை இடர்ப்படுத்தி வருவன 'ஜி', 'எச்' என்னும் ஈரெழுத்துக்களின் சேர்க்கையாம். இரவைக் குறிக்கும் 'நைட்', ஒளியைக் குறிக்கும் 'லைட்' என்னுஞ் சொற்களில் அவை ஊமைபோல் வாய் திறவாது நிற்கின்றன. நகைத்தலைக் குறிக்கும் 'லாஃப்', இருமலைக் குறிக்கும் 'காஃப்' என்பவற்றிலோ பிறிதோர் எழுத்தின் ஒலியைப் பூண்டு வருகின்றன. ஆவியைக் குறிக்கும் 'கோஸ்ட்' என்பதில் 'ஜி' மாத்திரம் ஒலிக்க, 'எச்' வேலையின்றி உடனிருக்கின்றது. இவற்றின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை எதிர்ப்படுகின்றது. இங்கிலாந்தில் முதன்முதல் அச்சுக்கூடம் நிறுவிய வில்லியம் காக்ஸ்டனே அவர்.

காக்ஸ்டன் கென்ட் என்னும் நாட்டுப்புறத்தில் 1422-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். 1438-இல் இலண்டன் மாநகரத்துத் துணி வணிகர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பின்னர்க் கடல் கடந்து பிளாண்டர்ஸ் தேசத்துப் புரூஜஸ் நகரை அடைந்து, ஆங்கு நெடுங்காலம் வாணிகம் புரிந்து, அந்நகரத்து ஆங்கில வணிகர்களுக்குத் தலைவராகவும் விளங்கினார்.

கணக்கும் சரக்குமாய்க் கழிந்த வாழ்க்கையிடையே, 1469-இல், டிராய் நகரத்துக் கதைகளைப் பிரெஞ்சு மொழியினின்றும் ஆங்கிலத்திற் பெயர்க்கத் தொடங்கினார். சில ஏடுகள் எழுதியபின், தம் புலமையிற் குறைகண்டு மனந்தளர்ந்து, ஏறக்குறைய ஈராண்டு அதனைத் தொடாது வைத்துவிட்டார். பர்கண்டிக் கோமகனின் மனைவியாரும், ஆங்கில அரசர் நான்காம் எட்வர்டின் உடன்பிறந்தாருமாகிய மார்கரெட் அம்மையார் அவ்வேடுகளைக் கண்டு, பிழை திருத்தி, முடித்தே தீரவேண்டுமெனப் பணித்தார். 1471-இல் கொலோன் நகரில் அம்மொழிபெயர்ப்பு நிறைவேறியது. படி வேண்டினோரோ பலர். எழுதியெழுதிக் காக்ஸ்டனின் கை ஓய்ந்தது, கண் மங்கியது. ஆகவே, ஐம்பதை அணுகிய அகவையில், அவர் அச்சுத்தொழிலைக் கற்கத் துணிந்தார். பிளாண்டர்ஸில் 1473 அல்லது 1474-இல் வெளிவந்த அந்நூலே ஆங்கிலத்தில் அச்சேறிய முதல் நூலாகும்.

1476-இல் அவர் தாய்நாடு திரும்பி, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் அருகே அச்சுக்கூடத்தை நாட்டினார். சாஸரின் கான்டர்பரிக் கதைகளை அவர் முதன்முறை பதிப்பித்தபின், கனவான் ஒருவர் வந்து அப்பதிப்புப் பிழைபட்டதென்றும், தம் தந்தையாரிடத்துத் திருத்தமான ஏடு உண்டென்றும் கூறினார். காக்ஸ்டன் சினந்தாரல்லர், அவ்வேட்டைப் பெற்று, அதனைக்கொண்டு திருத்தி, மீண்டும் அச்சிட்டார்.

எனினும் அவரை வருத்திய பேரிடர் வேறொன்று. அக்காலத்து ஆங்கிலம் ஊருக்கொரு வகையாய்ப் பேசப்பட்டது. வணிகர் சிலர் தேம்ஸ் ஆற்றில் காற்றுக்குக் காத்திருந்து, கரையேறி, ஒரு வீட்டில் முட்டை கேட்டனராம். அவர்கள் வடபுலச் சொல்லால் கேட்டமையின், அவ்வீட்டுப் பெண்மணி தமக்குப் பிரெஞ்சு தெரியாதென விடையளித்தாராம். கேட்ட வணிகருக்கும் பிரெஞ்சு தெரியாது, அவர் வெகுண்டாராம். பிறிதொருவர் தென்புலச் சொல்லைக் கூறியபின்னரே பொருள் விளங்கிற்றாம். 1490-இல் வெளியிட்ட ஒரு நூலின் முகவுரையில் காக்ஸ்டன் இதனைக் கூறி, எச்சொல்லை எழுதுவதென்று மயங்குகின்றார். ஆயினும் அச்செழுத்துக் காத்திராது. யாதேனும் ஒன்றைக் கோத்தே ஆகவேண்டும்.

அங்ஙனம் கோத்தபோது விளைந்தது யாது? 'நைட்', 'லைட்' முதலியவற்றில் 'ஜி-எச்' என்பது முற்காலத்தில் மிடற்றினின்றெழும் ஒலியைக் குறித்தது. அவ்வொலி மெல்ல மெல்ல மறைந்தது. சில சொற்களில் 'எஃப்' ஒலியாய்த் திரிந்தது. அச்சுக்கூடங்களோ பழைய எழுத்தையே வழங்கிவந்தமையின், ஒலி போயும் எழுத்து நிலைத்தது. 'கோஸ்ட்' என்பதன் கதை வேறு. அச்சொல்லின் பழைய ஆங்கில வடிவில் 'எச்' இல்லை. பிளாண்டர்ஸ் மொழியில் அதன் இனச்சொல் 'ஜி-எச்' கொண்டு எழுதப்படும். அம்மொழிப் பழக்கமே காக்ஸ்டனின் அச்சகத்து வழியாய் ஆங்கிலத்திற் புகுந்ததென்பது மொழிநூலார் கருத்து. மகிழ்ச்சியைக் குறிக்கும் 'டிலைட்' என்பது பிரெஞ்சு வழி வந்தது; அதற்கும் இவ்வெழுத்துக்களுக்கும் யாதொரு தொடர்புமில்லை. பதினாறாம் நூற்றாண்டில், 'லைட்' போன்றவற்றை ஒப்பநோக்கி எழுதினோர் அதிலும் இவற்றைப் புகுத்திவிட்டனர்.

பிழையென நாம் நகைக்கும் எழுத்துக்கள் இவ்வாறு ஒரு சமூகத்தின் செவியையும் கையையும் காட்டி நிற்கின்றன. ஒருவர் ஐயத்தோடு கோத்த எழுத்து ஐந்நூறு ஆண்டுகளாய் உலகனைத்தையும் கட்டுப்படுத்துகின்றதெனின், அச்சேற்றுவோர் பொறுப்பு எத்துணைப் பெரிது! நம் ஆண்டு மலருக்கு எழுதுவோரும் இதனை நினைவிற் கொள்வாராக.

காக்ஸ்டன் ஏறக்குறைய நூறு நூல்களை வெளியிட்டார். இருபதுக்கு மேற்பட்டவற்றைத் தாமே மொழிபெயர்த்தார். 1490-க்குப்பின் ஈராண்டு நிறைவதற்குள் அவர் உயிர் நீத்தார். பாலைவனத் துறவியரின் சரிதைகளை அவர் தம் வாழ்நாளின் கடைசி நாளில் மொழிபெயர்த்து முடித்தனரென்று அவருடைய உதவியாளர் விங்கின் டி வோர்ட் குறித்துள்ளார். 1495-இல் அந்நூலை அச்சிட்டவரும் அவரே. மனந்தளர்ந்து ஏட்டை மூடிவைத்த வணிகர், இறுதிநாள்வரை எழுதுகோலைக் கைவிடாத தொண்டரானார். இனி அவ்வூமை எழுத்துக்களை எழுதுந்தோறும் நாம் அவரைச் சற்றே நினைப்போமாக.