பாலிங் காத்திருந்த மூன்றாண்டுகள்

லைனஸ் பாலிங் என்றால் பலருக்கும் அவருடைய இரண்டு நோபல் பரிசுகளே நினைவுக்கு வரும். எனக்கோ, அவர் மூன்றாண்டுகள் வெளியிடாமல் வைத்திருந்த காகிதச் சுருள்தான் பெரிது.

1901-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சளி பிடித்துப் படுத்திருந்தபோது, புரதச் சங்கிலியைத் தாளில் வரைந்து மடித்துப் பார்த்தார். ஆல்ஃபா சுருள் கிடைத்தது: சுற்றுக்கு ஏறத்தாழ 3.6 அமினோ அமிலங்கள், உயரம் 5.4 ஆங்ஸ்ட்ராம். முடியின் எக்ஸ் கதிர்ப் படங்களோ 5.1 என்றன. அந்தச் சிறு வேறுபாடு அவரைத் தடுத்தது.

தயக்கத்தைத் தீர்த்தவை செயற்கைப் பாலிபெப்டைடுகள். பிரிட்டனின் கோர்ட்டால்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான இழைகளில் அந்த 5.1 தென்படவில்லை. 1951-இல் கோரி, பிரான்சனுடன் இணைந்து வெளியிட்டார். பின்னர் ஹார்வர்டில் பால் டோட்டி குழுவினர், பாலிபென்சைல் குளூட்டமேட் டைமெத்தில்ஃபார்மமைடில் விறைத்த சுருளாக நிற்பதையும், ஹைட்ரஜன் பிணைப்புகளைக் குலைக்கும் டைகுளோரோஅசெட்டிக் அமிலத்தில் ஒழுங்கற்று அவிழ்வதையும் காட்டினர். முடியும் பொய் சொல்லவில்லை. அதில் சுருள்கள் ஒன்றையொன்று முறுக்கிக் கிடந்தன.

1953-இல் டிஎன்ஏவுக்கு மூன்று இழை மாதிரியை அவசரமாக வெளியிட்டுத் தவறியவரும் இதே பாலிங்தான். அப்போது அவர் காத்திருக்கவில்லை.