நார்மன் இராபர்ட் போக்சன்

நார்மன் இராபர்ட் போக்சன் (மார்ச் 23, 1829 – சூன் 1891) ஓர் ஆங்கிலேய வானியலாளர். விண்மீன்களின் ஒளியளவைக் குறிக்க இன்றும் உலகெங்கும் பயன்படும் ஒளிப்பொலிவெண் அளவுகோலை வகுத்தவர் இவரே. 1861 முதல் இறக்கும் வரை முப்பது ஆண்டுகள் சென்னை வானாய்வகத்தின் அரசு வானியலாளராகப் பணியாற்றினார். எட்டு சிறுகோள்களையும் பல மாறொளிர் விண்மீன்களையும் கண்டறிந்தார்.

இளமை

போக்சன் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பிறந்தார். தந்தை காலுறை உற்பத்தியாளர். மகனின் நாட்டமோ கணிதத்திலும் வானியலிலும் இருந்தது. பதினெட்டு வயதுக்குள் வால்வெள்ளிகளின் சுற்றுப்பாதைகளைக் கணிக்கும் திறன் பெற்றிருந்தார். 1851 இல் இலண்டனில் உள்ள பிசப் வானாய்வகத்திலும், 1852 இல் ஆக்சுபோர்டின் இராட்கிளிஃப் வானாய்வகத்திலும் உதவியாளராகச் சேர்ந்தார். ஆக்சுபோர்டில் இருந்தபோது 1856 இல் ஐசிசு என்னும் சிறுகோளையும், 1857 இல் அரியாட்னி, எசுத்தியா ஆகியவற்றையும் கண்டறிந்தார். முதல் கண்டுபிடிப்புக்காக அவருக்கு இலலாண்டே பதக்கம் வழங்கப்பட்டது.

ஒளிப்பொலிவெண் அளவுகோல்

பண்டைய கிரேக்கர் வெறும் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை ஆறு நிலைகளாகப் பிரித்தனர். மிகப் பொலிவானவை முதல் நிலை. மங்கலானவை ஆறாம் நிலை. தொலைநோக்கி வந்தபின் ஆறாம் நிலைக்கும் கீழான விண்மீன்கள் பல தென்பட்டன. ஒவ்வொரு வானியலாளரும் ஒவ்வொரு அளவைக் கையாண்டதால் ஒருவரது அட்டவணையை மற்றவரது அட்டவணையுடன் ஒப்பிட இயலவில்லை. முதல் நிலை விண்மீன் ஆறாம் நிலை விண்மீனைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு ஒளியுடையது என்பது முன்பே அறியப்பட்டிருந்தது. இதனைக் கொண்டு, ஐந்து நிலை வேறுபாட்டைச் சரியாக நூறு மடங்கு எனக் கொள்ளலாம் என்று 1856 இல் போக்சன் முன்மொழிந்தார். அதன்படி ஒரு நிலை வேறுபாடு என்பது நூறின் ஐந்தாம் மூலமான 2.512 மடங்காகும். இவ்வெண் போக்சன் விகிதம் எனப்படுகிறது.

சென்னை வானாய்வகம்

கிழக்கிந்தியக் கம்பெனி 1792 இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவிய இவ்வானாய்வகத்துக்கு விண்மீன் அட்டவணையில் முன்பே பெயர் இருந்தது. தாமசு கிளான்வில் டெய்லர் 1844 இல் 11,015 விண்மீன்களின் இருப்பிடங்களை வெளியிட்டிருந்தார். 1861 இல் பொறுப்பேற்ற போக்சன் அவ்வாண்டு ஏப்ரலிலேயே ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா எனப் பெயரிடப்பட்டது. பின்னர் சாஃபோ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வேரா (1885) ஆகியவற்றைக் கண்டார்.

1862 முதல், விண்மீன்கள் வடக்கு தெற்கு உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தையும் உயரத்தையும் அளக்கும் புதிய கருவியைக் கொண்டு விண்மீன் இருப்பிடங்கள் பதிவு செய்யப்பட்டன. இப்பணியில் சென்னையைச் சேர்ந்த உதவியாளர்கள் பெரும் பங்கு வகித்தனர். அவர்களுள் சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867 இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார். போக்சனின் மகள் எலிசபெத் ஐசிசு 1873 முதல் இங்கு உதவியாளராக இருந்தார்.

ஆகத்து 18, 1868 முழுச் சூரிய கிரகணத்தைப் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து நோக்கினார். சூரியப் பிதுக்கங்களின் நிறமாலையில் அன்று மஞ்சள் கோட்டைக் கண்டவர்களுள் இவரும் ஒருவர். அக்கோடு ஈலியம் என்னும் தனிமத்துக்குரியது எனப் பின்னர் அறியப்பட்டது.

தேங்கிய பதிவுகள்

இரவுதோறும் அளவீடுகள் குவிந்தன. அவற்றைக் கணித்துச் சீர்செய்ய ஆட்கள் போதவில்லை. 1862 இல் தொடங்கிய பதிவுகளின் முதல் தொகுதி 1887 இல் தான் அச்சேறியது. பணி முடியும் முன்னரே 1891 இல் போக்சன் சென்னையில் காலமானார். எஞ்சிய தொகுதிகளை அடுத்து வந்த மிச்சி சுமித் வெளியிட்டார். மாறொளிர் விண்மீன்கள் பற்றிய அவரது குறிப்புகள் 1908 இல் தான் இங்கிலாந்தில் வெளிவந்தன.

கோடைக்கானல்

கடற்கரை நகரின் ஈரக் காற்றும் மேகமும் நோக்கீட்டுக்குத் தடையாக இருந்ததால், தென்னிந்திய மலையொன்றில் 20 அங்குலத் தொலைநோக்கி நிறுவ வேண்டும் என 1882 இல் போக்சன் கோரினார். பழனி மலையும் நீலகிரியும் ஆராயப்பட்டு, அவர் மறைவுக்குப் பின் கோடைக்கானல் தெரிவு செய்யப்பட்டது. பழனி மலையின் தெற்கே பெரியகுளமும் தேனியும், அவற்றுக்குத் தென்மேற்கே கம்பம் பள்ளத்தாக்கும் உள்ளன. மலைச்சாலை அமையும் முன் பெரியகுளத்திலிருந்து ஏறும் பாதையே கோடைக்கானலுக்குரிய முக்கிய வழியாக இருந்தது. 1899 இல் சென்னையின் வானியல் பணிகள் இங்கு மாற்றப்பட்டன. எனினும் கோடைக்கானல் வானாய்வகம் சூரிய ஆய்வையே முதன்மையாகக் கொண்டது. போக்சன் தொடர்ந்த விண்மீன் அட்டவணைப் பணி அங்கு தொடரவில்லை.

நினைவு

நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு கிண்ணக்குழிக்கும், 1830 என எண்ணிடப்பட்ட சிறுகோளுக்கும் போக்சனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவர் சென்னையில் கண்ட சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் இருப்பது 2005 இல் அறிவிக்கப்பட்டது. இரு துணைக்கோள்கள் கொண்டதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் அதுவே ஆகும்.